கிழிந்த ஓரமும் கரடுமுரடான கரையும்: இமேஜ்மேஜிக் கேள்வி பதில்

அழைப்பிதழ், நினைவு மலர், பள்ளிக்கூடச் சுவர்ப்பத்திரிகை, கடை விளம்பரம் என்று படம் செய்கிறவர்கள் மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கமிருந்து கேட்ட கேள்விகளுக்கான பதில்கள் இவை. எல்லாம் ஒரே விஷயத்தைச் சுற்றியவை: கொமாண்ட் வரியில் ஓடும் இமேஜ்மேஜிக் மென்பொருளைக் கொண்டு, ஓரம் கிழிந்ததுபோல அல்லது கையால் கீறியதுபோல இருக்கும் எளிய படங்களை உருவாக்குவது.

வாசிக்க முன் ஒன்று. கொமாண்ட் சொற்களை இங்கே ஒலிப்படி தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். அடிக்கும்போது எல்லாவற்றையும் ஆங்கிலச் சிற்றெழுத்தில் அடியுங்கள். முன்னால் உள்ள சிறு கோடு அப்படியே வரவேண்டும். அளவுகளுக்கு நடுவே × என்று இருக்கும் இடத்தில் சின்ன எக்ஸ் எழுத்து. ஃபைல் பெயர்கள் உங்கள் விருப்பம்.

செங்கலடியிலிருந்து: அண்ணா, போட்டோஷொப் இல்லை. ஒரு வெறும் நிற அட்டை, நான்கு பக்கமும் கிழிந்த கடதாசிபோல வேண்டும். எங்கே தொடங்குவது?

தங்கச்சி, முதலில் அட்டையை மறந்துவிடுங்கள். செய்யவேண்டியது மாஸ்க். அதாவது வெள்ளை, கறுப்பு மட்டும் உள்ள ஒரு படம். வெள்ளை இருக்கும் இடத்தில் அட்டை தெரியும், கறுப்பு இருக்கும் இடத்தில் தெரியாது. ஓரத்தின் கரடுமுரடு முழுவதும் இந்த மாஸ்க்கில்தான் இருக்கிறது. அதை ஒரு தடவை நன்றாகச் செய்துவிட்டால் அட்டை, போட்டோ எதன்மேலும் போடலாம்.

மேஜிக் -சைஸ் 480×280 எக்ஸ்சி:வைட் -போர்டர்கலர் பிளாக் -போர்டர் 20 -சீட் 7 -ஸ்ப்ரெட் 10 -ப்ளர் 0×3 -த்ரெஷோல்ட் 50% -ஸ்ப்ரெட் 1 -ப்ளர் 0×0.7 மாஸ்க்.பிஎன்ஜி

இடமிருந்து வலமாக, எழுதிய ஒழுங்கில்தான் இது வேலை செய்யும். 480×280 அளவில் வெள்ளைத் தாள் ஒன்று பிறக்கிறது. சுற்றிவர 20 பிக்ஸல் கறுப்புக் கரை சேர்ந்து 520×320 ஆகிறது. சீட் 7 சிதறலின் வடிவத்தை நிலைப்படுத்தும் எண், அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். ஸ்ப்ரெட் 10 ஒவ்வொரு புள்ளிக்கும் தன்னைச் சுற்றி 10 பிக்ஸலுக்குள் இருக்கும் ஏதோ ஒரு புள்ளியின் நிறத்தைக் கொடுக்கிறது. வெள்ளையும் கறுப்பும் சந்திக்கும் கோடு மணல் தூவியதுபோலச் சிதறும். ப்ளர் 0×3 அந்தச் சிதறலைக் கலக்கிச் சாம்பல் ஆக்கும். த்ரெஷோல்ட் 50% சாம்பலை இரண்டாகப் பிரித்து, பாதிக்கு மேலே வெள்ளை, கீழே கறுப்பு என்று வெட்டிவிடும். கோணல்மாணலான கோடு இந்த இடத்தில்தான் உருவாகிறது. கடைசி ஸ்ப்ரெட் 1, ப்ளர் 0×0.7 இரண்டும் நார் பிரிந்த மெல்லிய ஓரத்துக்கு. அவற்றை விட்டால் கத்தரிக்கோலால் வெட்டியதுபோலப் படிப்படியாகத் தெரியும்.

அடுத்தது அட்டை:

மேஜிக் -சைஸ் 520×320 "எக்ஸ்சி:ஆர்ஜிபி(245,222,179)" மாஸ்க்.பிஎன்ஜி -அல்ஃபா ஓஃப் -கொம்போஸ் கொப்பிஒபாசிட்டி -கொம்போசிட் அட்டை.பிஎன்ஜி

245, 222, 179 என்பது கோதுமை நிறம். உங்களுக்கு வேண்டிய நிறத்தை அந்த மூன்று எண்களில் மாற்றுங்கள். மாஸ்க்கும் அட்டையும் ஒரே அளவாக, இங்கே 520×320 ஆக, இருக்கவேண்டும். அளவு பிசகினால் கிழிசல் விலகி நிற்கும்.

கறுப்புக் கரை எத்தனை பிக்ஸல் வைப்பது என்பதற்கு ஒரு கணக்கு: ஸ்ப்ரெட் எண்ணோடு ப்ளரின் இரண்டாவது எண்ணை மூன்றால் பெருக்கிக் கூட்டுங்கள். 10 + 9 = 19. ஆகவே 20 போதும். அதைவிடக் குறைத்தால் கிழிசலின் வெளிப்பக்கம் படத்தின் எல்லையில் முட்டும்.

காத்தான்குடியிலிருந்து: நானா, விண்டோஸில் "கன்வேர்ட்" என்று அடித்தால் இன்வலிட் பராமீற்றர் என்று வருகுது. மென்பொருள் சரியாகத்தான் ஏறியிருக்கு.

தம்பி, அது இமேஜ்மேஜிக் தந்த பதில் இல்லை. விண்டோஸுக்குள்ளேயே அதே பெயரில் ஒரு பழைய கருவி இருக்கிறது. ஹார்ட் டிஸ்க்கின் ஃபைல் முறையை மாற்றுவதற்கானது. உங்கள் கொமாண்ட் அங்கே போய்விழுகிறது. பதிப்பு 7இலிருந்து எல்லாவற்றுக்கும் முன்னால் மேஜிக் என்று அடித்தால் போதும். ஆங்கிலத்தில் கடைசி எழுத்து கே வரும், அதை விட்டுவிடாதீர்கள். இணையத்தில் கிடைக்கும் பழைய உதாரணங்கள் பதிப்பு 6க்கு எழுதியவை. அவற்றில் கன்வேர்ட் என்ற சொல்லை மேஜிக் என்று மாற்றினால் பெரும்பாலானவை ஓடும். லினக்ஸில் பதிப்பு 6 இருந்தால் மறுவளம்: இங்கே நான் மேஜிக் என்று எழுதியதை அங்கே கன்வேர்ட் என்று அடிக்கவேண்டும்.

இன்னும் நான்கு இடத்தில் விண்டோஸும் லினக்ஸும் வேறுபடும். பலரின் கொமாண்ட் உடைவது இவற்றில்தான்.

அடைப்புக்குறி: லினக்ஸில் அதற்கு முன் பின்சாய்கோடு போடவேண்டும். விண்டோஸின் சாதாரணக் கறுப்புத் திரையில் தேவையில்லை. விண்டோஸின் இன்னொரு கொமாண்ட் திரையான பவர்ஷெல்லில் ஒற்றை மேற்கோளுக்குள் வைக்கவேண்டும். எங்கேயானாலும் அடைப்புக்குறிக்கு இரண்டு பக்கமும் இடைவெளி கட்டாயம்.

சதவீதக் குறி: நேரே அடித்தால் 50%. பட்ச் ஃபைலுக்குள் (கொமாண்டுகளை எழுதிவைத்து ஓட்டும் விண்டோஸ் ஃபைல்) எழுதினால் 50%% என்று இரட்டிக்கவேண்டும், இல்லாவிட்டால் குறி காணாமல்போய் த்ரெஷோல்டுக்கு வெறும் 50 என்ற எண் போகும். அந்த 50 மிகச் சிறிய அளவு, மாஸ்க் ஏறக்குறைய முழுவதும் வெள்ளையாக வரும்.

மேற்கோள்: விண்டோஸின் கறுப்புத் திரை ஒற்றை மேற்கோளை மதிக்காது. இரட்டை மேற்கோளே போடுங்கள்.

கூரைக்குறி ^: விண்டோஸில் அதற்கு வேறு வேலை இருக்கிறது. அளவோடு அது வந்தால் முழு அளவையும் இரட்டை மேற்கோளுக்குள் வையுங்கள்.

களுவாஞ்சிகுடியிலிருந்து: கிழிசல் ஆழமாக வேண்டும். ஸ்ப்ரெட்டை 30, ப்ளரை 9 ஆக்கினேன். நேரம் எடுத்ததே தவிர ஓரம் முன்னையதைவிட மொட்டையாக வந்தது. ஏன்?

நல்ல கேள்வி. இந்த முறையின் உள்கணக்கைத் தெரிந்துகொண்டால் பிறகு எண்களைக் குருட்டுத்தனமாக மாற்றவேண்டியதில்லை.

ஸ்ப்ரெட் கூடக்கூட வெள்ளைக்கும் கறுப்புக்கும் இடைப்பட்ட சிதறல் பட்டை அகலமாகும். அகலமான பட்டையில் வெட்டுக்கோடு அங்குமிங்கும் அலைய இடம் கூட. ஆனால் ப்ளர் அதற்கு எதிர்த்திசையில் வேலை செய்கிறது. பக்கத்துப் புள்ளிகளைச் சராசரியாக்குவதால், ப்ளர் கூடினால் ஏற்ற இறக்கங்கள் ஒன்றையொன்று அழித்துவிடும். கோட்டின் அலைவு எத்தனை பிக்ஸல் என்பதைத் தீர்மானிப்பது ஸ்ப்ரெட்டை ப்ளரால் வகுத்து வரும் விகிதம். 10க்கு 3 என்றாலும் 30க்கு 9 என்றாலும் விகிதம் ஒன்றே. இரண்டிலும் கோடு சராசரியாக ஒரு பிக்ஸல் அளவுக்குத்தான் அலையும், அங்கங்கே இரண்டு மூன்று பிக்ஸல் போகும். 30க்கு 9இல் ஒவ்வொரு வளைவும் மூன்று மடங்கு நீளமாகிவிடுவதால் அதே ஒரு பிக்ஸல் அலைவு கண்ணுக்கே தெரியாது. அதனால்தான் மொட்டையாக வந்தது.

ஆழம் வேண்டுமென்றால் ஸ்ப்ரெட்டை மட்டும் கூட்டுங்கள், அல்லது ப்ளரைக் குறையுங்கள். 480 பிக்ஸல் அகலப் படத்துக்கு ஸ்ப்ரெட் 20, ப்ளர் 0×2 நல்ல சோடி. கறுப்புக் கரையை 30 ஆக்குங்கள். கோட்டின் அலைவு ஏறக்குறைய மூன்று மடங்காகும்.

ப்ளரை 1க்குக் கீழே கொண்டுபோகவேண்டாம். ஓரத்துக்கு வெளியே தனித்தனி வெள்ளைப் புள்ளிகளும், உள்ளே ஊசித் துளைகளும் விழும். விழுந்துவிட்டால் த்ரெஷோல்டுக்குப் பிறகு -மோர்ஃபாலஜி ஓப்பன் டிஸ்க்:2 வெளிப்புள்ளிகளை நீக்கும், -மோர்ஃபாலஜி க்ளோஸ் டிஸ்க்:2 துளைகளை அடைக்கும். ஆனால் இவை இரண்டும் ஓரத்தையும் கொஞ்சம் மழுக்கும். முதலிலேயே எண்களைச் சரியாக வைப்பதுதான் மேல்.

கல்முனை அச்சகம் ஒன்றிலிருந்து: ஏ5 அழைப்பிதழுக்கு 300 டிபிஐயில் செய்யும்போது கிழிசல் தெரியவே மாட்டேன் என்கிறது. திரையில் சின்னப் படத்தில் அழகாக இருந்தது.

மேலே சொன்ன விகிதத்தின் தொடர்ச்சிதான் இது. ஏ5 தாள் 300 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 300 பிக்ஸல் கணக்கில், 1748×2480 பிக்ஸல். அதில் மூன்று பிக்ஸல் அலைவு என்பது கால் மில்லிமீற்றர். யாருக்குத் தெரியும்? எண்களைப் பெருக்கியும் பயனில்லை.

வழி: மாஸ்க்கைச் சின்னதாகச் செய்து பெரிதாக்குங்கள். 1748×2480இன் நாலில் ஒன்று சரியாக 437×620. ஆகவே 377×560 வெள்ளை, 30 கறுப்புக் கரை, ஸ்ப்ரெட் 20, ப்ளர் 0×2, த்ரெஷோல்ட் 50%. இதுவரை சின்ன மாஸ்க். அதே கொமாண்டில் தொடர்ந்து -ரீசைஸ் 400% -த்ரெஷோல்ட் 50% -ஸ்ப்ரெட் 2 -ப்ளர் 0×1 என்று முடியுங்கள். அலைவும் நான்கு மடங்காகி, ஒரு மில்லிமீற்றரைச் சுற்றி வரும், அங்கங்கே இரண்டு மூன்று. கையில் பிடித்துப் பார்க்கும் தூரத்துக்கு அது போதும். ரீசைஸுக்குப் பின்னால் இரண்டாவது த்ரெஷோல்டை மறக்கவேண்டாம். பெரிதாக்கும்போது ஓரம் மங்கலாகியிருக்கும், அதைத் திரும்ப வெட்டுவது அதுதான். கடைசி ஸ்ப்ரெட் பெரிய அளவில் நடக்கவேண்டும், அப்போதுதான் நார் நுணுக்கமாக இருக்கும்.

30 பிக்ஸல் கரை நான்கு மடங்கில் 120 ஆகி, தாளில் 10 மில்லிமீற்றர் வெற்றிடம் வரும். பிறின்டர் ஓரத்தில் அச்சடிக்காமல் விடும் பகுதி இதற்குள் அடங்கிவிடும். சேமிக்கும்போது -டென்சிற்றி 300 -யூனிட்ஸ் பிக்ஸல்ஸ்பெர்இன்ச் சேருங்கள். படத்தின் பிக்ஸலை அது மாற்றாது, ஆனால் பக்கம் கோர்க்கும் மென்பொருள் சரியான மில்லிமீற்றரில் திறக்கும்.

ஆரையம்பதியிலிருந்து ஒரு ஆசிரியை: கொப்பியிலிருந்து கிழித்த தாள்போல ஒரு பக்கம் மட்டும் கிழிந்திருக்கவேண்டும். மற்ற மூன்று பக்கமும் நேராக, மூலை கூராக. எனக்கு எப்போதும் மூலை உருண்டுவிடுகிறது.

ரீச்சர், மூலை உருளுவதற்குக் காரணம் இருக்கிறது. நேர் ஓரத்தில் நிற்கும் ஒரு புள்ளியைச் சுற்றிப் பாதி வெள்ளை, பாதி கறுப்பு. மூலையில் நிற்கும் புள்ளிக்கோ காற்பங்குதான் வெள்ளை. அதனால் 50% வெட்டில் மூலை எப்போதும் தோற்றுப்போகும். நான்கு பக்கமும் கிழிந்த தாளுக்கு அது இயல்பாகவே பொருந்தும், அதை மாற்றத் தேவையில்லை.

ஒரு பக்கம் மட்டும் கிழிய, சுற்றிவரக் கரை போடாமல் வெள்ளைத் தாளின் அடியில் மட்டும் ஒரு கறுப்புப் பட்டை கீறுங்கள்:

மேஜிக் -சைஸ் 480×300 எக்ஸ்சி:வைட் -ஃபில் பிளாக் -ட்ரோ "ரெக்டாங்கிள் 0,270 479,299" -சீட் 3 -ஸ்ப்ரெட் 20 -ப்ளர் 0×2 -த்ரெஷோல்ட் 50% -ஸ்ப்ரெட் 1 -ப்ளர் 0×0.7 மாஸ்க்.பிஎன்ஜி

படத்துக்கு வெளியே என்ன இருக்கிறது என்று இமேஜ்மேஜிக் கேட்கும்போது, நாம் எதுவும் சொல்லாவிட்டால் ஓரப் புள்ளியின் நிறமே அப்பாலும் தொடர்கிறது என்று எடுத்துக்கொள்ளும். மேல், இடம், வலம் மூன்றிலும் வெள்ளையே தொடர்வதால் அங்கே எதுவும் சிதறாது. வெள்ளையும் கறுப்பும் சந்திக்கும் கீழ்க்கோடு மட்டும் கிழியும், மேல்மூலைகள் கூராகவே நிற்கும். இடப்பக்கம் கிழியவேண்டுமென்றால் பட்டையை 0,0 இலிருந்து 29,299 வரை கீறுங்கள்.

அக்கரைப்பற்றிலிருந்து: உண்மையான போட்டோவைக் கிழித்தால் ஓரத்தில் வெள்ளைக் கடதாசி தெரியும். அது வருமா?

வரும், அதுதான் படத்தை நம்பவைக்கும். இரண்டு மாஸ்க் வேண்டும். வெளி மாஸ்க் மேலே செய்ததே. உள் மாஸ்க்கை அதிலிருந்தே எடுங்கள்:

மேஜிக் மாஸ்க்.பிஎன்ஜி -த்ரெஷோல்ட் 50% -மோர்ஃபாலஜி எரோட் டிஸ்க்:5 -சீட் 21 -ஸ்ப்ரெட் 8 -ப்ளர் 0×1.5 -த்ரெஷோல்ட் 50% -ப்ளர் 0×0.7 உள்மாஸ்க்.பிஎன்ஜி

எரோட் வெள்ளைப் பகுதியைச் சுற்றிவர 5 பிக்ஸல் உள்ளே இழுக்கும். பிறகு வரும் ஸ்ப்ரெட் அதற்குத் தனியான கோணலைக் கொடுக்கும். வெளி மாஸ்க்கை ஒரு கடதாசி நிறத் தாளுக்குப் போடுங்கள். தூய வெள்ளை வேண்டாம், 250, 247, 240 நல்லது. உள் மாஸ்க்கைப் போட்டோவுக்குப் போடுங்கள். கடைசியில் மேஜிக் தாள்.பிஎன்ஜி போட்டோ.பிஎன்ஜி -கொம்போசிட் முடிவு.பிஎன்ஜி. முதலில் எழுதுவது கீழே, பின்னால் எழுதுவது மேலே.

கிழித்த கடதாசியில் வெள்ளை விளிம்பு நான்கு பக்கமும் ஒரே அகலத்தில் இருக்காது. கொம்போசிட்டுக்கு முன் -ஜியோமெற்றி -2-2 சேர்த்தால் போட்டோ இடப்பக்கமாகவும் மேலாகவும் இரண்டு பிக்ஸல் நகரும், வலமும் கீழும் விளிம்பு தடிக்கும். அப்படிச் செய்யும்போது எரோட்டை 6 அல்லது 7 ஆக்குங்கள், இல்லாவிட்டால் இடப்பக்கத்தில் போட்டோ தாளுக்கு வெளியே எட்டிப்பார்க்கும்.

ஃபோனில் எடுத்த போட்டோவை இதற்குள் கொண்டுவரும்போது முதலில் -ஓட்டோ-ஓரியன்ட், அடுத்து -ரீசைஸ் "520×320^" -கிரவிற்றி சென்ரர் -எக்ஸ்டென்ட் 520×320. முதலாவது சரிந்து நிற்கும் படத்தை நிமிர்த்தும். கூரைக்குறி போட்ட அளவு படத்தை நசுக்காமல் சட்டம் முழுவதையும் நிரப்பும். எக்ஸ்டென்ட் மிஞ்சியதை வெட்டும்.

வாழைச்சேனையிலிருந்து: கிழிசல் வேண்டாம். கூத்து அழைப்பிதழுக்குத் தூரிகையால் கீறியதுபோல ஒரு கறுப்புக் கரை மட்டும் வேண்டும்.

ஒரு கோட்டைக் கீறி அதைச் சிதறடிக்கத்தான் எல்லோரும் முதலில் நினைப்பார்கள். அப்படிச் செய்தால் கோட்டின் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி மங்கும், மை இழுத்த உணர்வு வராது. தடிப்பு மாறவேண்டும். அதற்கு இரண்டு மாஸ்க்கை வேறு வேறு சீட் எண்ணில் செய்யுங்கள். முதலாவது 480×280 வெள்ளை, கரை 20, சீட் 7. இரண்டாவது 468×268 வெள்ளை, கரை 26, சீட் 12. இரண்டும் 520×320இல் முடியும். முதலாவதைக் கறுப்புத் தாளுக்கும் இரண்டாவதை அட்டை நிறத்துக்கும் போட்டு, கறுப்பின்மேல் அட்டையை வையுங்கள். நடுவில் ஆறு பிக்ஸல் அளவுக்குக் கறுப்பு வளையம் மிஞ்சும், ஓரிடத்தில் மூன்று, ஓரிடத்தில் ஒன்பது என்று தடிப்பு மாறிமாறி.

மை காய்ந்து விட்டுவிட்டு வந்ததுபோல வேண்டுமா? இடைவெளியைச் சுருக்குங்கள்: உள் வெள்ளை 474×274, கரை 23. மூன்று பிக்ஸல்தான் இடைவெளி என்பதால் சில இடங்களில் கோடு அறுந்துவிடும். வடமோடி, தென்மோடிக் கூத்து அழைப்பிதழ்களுக்குக் கறுப்பைவிட மரச்செதுக்கு நிறம், 70, 35, 20 போல, கண்ணுக்கு நன்றாக இருக்கும் என்பது என் எண்ணம்.

திருக்கோவிலிலிருந்து: எல்லாம் சரி, வட்ஸ்அப்பில் அனுப்பினால் கிழிந்த ஓரத்துக்கு வெளியே கறுப்பாக வருகிறது.

வட்ஸ்அப் போட்டோவாக அனுப்பும் எதையும் ஜேபெக் ஆக்கும். ஜேபெக்கில் ஒளிபுகும் பகுதி என்பதே இல்லை. பின்னணியை நீங்களே தீர்மானித்துவிடுங்கள்: மேஜிக் அட்டை.பிஎன்ஜி -பக்கிரவுண்ட் வைட் -ஃப்ளற்றன் அட்டை.ஜேபிஜி. ஒளிபுகும் படமாகவே போய்ச் சேரவேண்டுமென்றால் பிஎன்ஜியை டொக்கியூமென்ட் ஆக அனுப்புங்கள்.

வெறும் வெள்ளையில் கிழிந்த தாள் தட்டையாகத் தெரிந்தால், ஃப்ளற்றனுக்கு முன் நிழல் சேருங்கள்: அடைப்புக்குறிக்குள் +க்ளோன் -பக்கிரவுண்ட் பிளாக் -ஷடோ 60×4+4+4, அடைப்புக்குறிக்கு வெளியே +ஸ்வொப் -பக்கிரவுண்ட் நன் -லேயர்ஸ் மேர்ஜ் +ரீபேஜ். 60 என்பது நிழலின் அடர்த்திச் சதவீதம், 4 அதன் மென்மை, பின்னால் வரும் இரண்டு நான்கும் வலப்பக்கமும் கீழும் விலகும் தூரம். ஸ்வொப்பை விட்டால் நிழல் தாளுக்கு மேலே ஏறி நிற்கும்.

மட்டக்களப்பு நகரிலிருந்து: அட்டையில் தமிழ் எழுதினால் "பொங்கல்" என்பதில் கொம்பு இடம் மாறி விழுகிறது. எழுத்துருவை மாற்றியும் அப்படியே.

எழுத்துருவில் பிழை இல்லை. தமிழில் ஒகரக் குறி ஒன்றாகச் சேமிக்கப்பட்டாலும் எழுத்தின் இரண்டு பக்கமும் பிரிந்து நிற்கவேண்டும். இந்த ஒழுங்குபடுத்தலைச் செய்ய இமேஜ்மேஜிக்கோடு ராக்ம் என்ற துணை நூலகம் சேர்த்துக் கட்டப்பட்டிருக்கவேண்டும். மேஜிக் -வேர்ஷன் என்று அடித்து, அதில் வரும் டெலிகேட்ஸ் என்ற துணை நூலகப் பட்டியலைப் பாருங்கள். அங்கே ராக்ம் இருந்தால் -அனொட்டேட் நேராக வேலை செய்யும். அது இல்லாமல் பாங்கோகெய்ரோ என்ற இன்னொரு நூலகம் இருந்தால் எழுத்தை பாங்கோ: என்ற முன்னொட்டோடு தனிப் படமாக உருவாக்கி அட்டையின்மேல் வையுங்கள். அதுவும் கொம்பைச் சரியாக வைக்கும். இரண்டும் இல்லாவிட்டால் எந்த எழுத்துருவாலும் பயனில்லை, வேறு பதிப்பை ஏற்றவேண்டும்.

எழுத்துருவைப் பெயரால் அழைக்காமல் அதன் டிடிஎஃப் ஃபைல் இருக்கும் முழுப் பாதையை -ஃபொன்ட் க்குப் பின்னால் கொடுங்கள். நோட்டோ சான்ஸ் தமிழ் நன்றாக நிற்கும். எழுத்தைக் கிழிசலிலிருந்து குறைந்தது 40 பிக்ஸல் உள்ளே வையுங்கள். -கிரவிற்றி சென்ரர் -பொயின்ட்சைஸ் 36 -அனொட்டேட் +0+0 "..." என்று தொடங்கிப் பாருங்கள்.

நமது அச்சகங்களில் இன்னும் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்த கோப்புகள் நிறைய உண்டு. பாமினி யூனிகோட் இல்லை. அதில் ஒவ்வொரு தமிழ் உருவமும் ஒரு ஆங்கில விசையின் இடத்தில் இருக்கிறது, கொம்பையும் அடிக்கிறவரே முன்னால் அடித்திருப்பார். ஆகவே பாமினி எழுத்தை பாமினி எழுத்துருவோடு கொடுத்தால் ராக்ம் இல்லாத பதிப்பிலும் சரியாக வரும். அதே எழுத்தை நோட்டோவுக்குக் கொடுத்தால் ஆங்கில எழுத்துகள் குவியலாக விழும். எது யூனிகோட், எது பாமினி என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள்.

எழுத்தை ஃபைலிலிருந்து @ குறியால் வாசிக்கும்போது நொட் ஓதரைஸ்ட் என்று மறுத்தால், அது பாதுகாப்புக்காகப் பல லினக்ஸ் பதிப்புகளில் பூட்டிவைத்திருப்பது. எழுத்தைக் கொமாண்டிலேயே மேற்கோளுக்குள் கொடுங்கள். விண்டோஸ் பட்ச் ஃபைல் என்றால் யூடிஎஃப்-8 ஆகச் சேமித்து, முதல் வரியில் சிஎச்சிபி 65001 எழுதுங்கள். அது இல்லாமல் தமிழ் எழுத்துகள் குழம்பிப்போகும்.

ஏறாவூரிலிருந்து: கடையில் காசுக்கு வேலை செய்ய இதைப் பயன்படுத்தலாமா?

தாராளமாக. ஜோன் கிறிஸ்டி 1987இல் டூபொண்ட் நிறுவனத்தில் எழுதத் தொடங்கி, 1990இல் எல்லோருக்கும் திறந்துவிட்ட மென்பொருள் இது. வணிகத்துக்கும் இலவசம்.

சம்மாந்துறையிலிருந்து: நூற்றுக்கணக்கான போட்டோ இருக்கு. ஒரே கிழிசல் எல்லாவற்றிலும் வந்தால் பொய் என்று தெரிந்துவிடும். ஒவ்வொன்றுக்கும் புதிதாகச் செய்யவேண்டுமா?

முதலில் சீட் பற்றி. அந்த எண் மாறாமல் இருக்கும்வரை கிழிசலும் மாறாது. வாடிக்கையாளர் சரி என்று சொன்ன வடிவம் அடுத்த கிழமையும் அப்படியே வரவேண்டுமென்றால் எண்ணைக் குறித்துவையுங்கள். சீட்டை ஸ்ப்ரெட்டுக்கு முன்னால் எழுதவேண்டும், பின்னால் எழுதினால் பலனில்லை. சீட்டே போடாவிட்டால் ஒவ்வொரு தடவையும் வேறு வடிவம்.

நூறு மாஸ்க் தேவையில்லை. ஒரு மாஸ்க்கை -ஃப்ளிப் செய்தால் தலைகீழ், -ஃப்ளொப் செய்தால் இடவலம், இரண்டும் சேர்த்தால் இன்னொன்று. ஆக ஒன்று நாலாகும். ஐந்து சீட்டில் ஐந்து மாஸ்க் செய்தால் இருபது வடிவம். ஒரு பக்கத்தில் ஆறு போட்டோ வரும் மலரில் யாரும் கண்டுபிடிக்கமாட்டார்கள். ஃப்ளிப்பை மாஸ்க்கோடு சேர்த்து அடைப்புக்குறிக்குள் எழுதுங்கள், வெளியே எழுதினால் போட்டோவும் சேர்ந்து தலைகீழாகும்.

தொகுப்பாக ஓட்ட மொக்ரிஃபை என்ற கருவியைப் பலர் சொல்வார்கள். இந்த வேலைக்கு அது வேண்டாம். -பாத் கொடுக்காமல் ஓட்டினால் மூலப் போட்டோவின்மேலேயே எழுதிவிடும், போனது போனதுதான். பட்ச் ஃபைலிலோ லினக்ஸ் ஸ்கிரிப்டிலோ ஒவ்வொரு போட்டோவுக்கும் அதே கொமாண்டைத் திரும்ப ஓட்டும் ஃபோர் சுற்று எழுதி, முடிவுகளை வேறு ஃபோல்டரில் பிஎன்ஜியாகச் சேமியுங்கள். அந்த ஃபோல்டரை முன்கூட்டியே உருவாக்கிவையுங்கள், இமேஜ்மேஜிக் தானாக உருவாக்காது.

பொத்துவிலிலிருந்து: கொம்பியூட்டர் இல்லை, அன்ட்ரொயிட் ஃபோன் மட்டும்தான்.

போதும். எஃப்-ட்ரொயிட் தளத்திலிருந்து, ஃபோனில் லினக்ஸ் கொமாண்ட் திரை தரும் டேர்மக்ஸ் செயலியை ஏற்றி, பிகேஜி இன்ஸ்டால் இமேஜ்மேஜிக் என்று அடியுங்கள். டேர்மக்ஸ்-செற்றப்-ஸ்ரோறேஜ் என்ற கொமாண்டை ஒருமுறை ஓட்டி அனுமதி கொடுத்தால், ஸ்ரோறேஜ் என்ற ஃபோல்டருக்குள் உங்கள் போட்டோக்கள் தெரியும். இங்கே லினக்ஸுக்குச் சொன்ன விதிகள் எல்லாம் அப்படியே பொருந்தும்: அடைப்புக்குறிக்கு முன் பின்சாய்கோடு, ஆர்ஜிபி நிறத்துக்கு மேற்கோள். கமராவிலிருந்து வரும் முழு அளவுப் படத்தில் நேரடியாக ப்ளர் ஓட்டினால் ஃபோன் திணறும். முதலில் ரீசைஸ், பிறகு மற்றதெல்லாம். கொமாண்டை ஒவ்வொரு தடவையும் விரலால் அடிக்காமல், ஒரு ஸ்கிரிப்ட் ஃபைலில் எழுதி, போட்டோவின் பெயரை மட்டும் மாற்றி ஓட்டுங்கள்.